அஞ்சடிப் பேச்சு: பனியிலே ஓடும் டிராம்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தோட்டத்துப் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். மகள் நார்வே நாட்டில், ஓஸ்லோ பட்டணத்தில் இருக்கிறாளாம். ஜனவரி மாதம் தலைப்பிரசவம். "அம்மா, நீ வந்து பக்கத்தில் இரு, டிக்கெட் அனுப்புகிறேன்" என்று சொல்லி மூன்று வாரம் ஆகிவிட்டது. அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.

"அக்கா, நான் ஈப்போவுக்கே தனியாகப் போனவள் இல்லை. முப்பத்தொரு வருடம் பால் வெட்டினேன். பாஷை தெரியாது. கீழே விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் பிள்ளை பெற்றவள் என்னைப் பார்ப்பாளா, குழந்தையைப் பார்ப்பாளா? ஐஸ் பெட்டிக்குள்ளே மூன்று மாதம் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவா போவது? போகாமல் இருந்தாலும் மனது கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறார். கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டு மறுபடியும் எழுதியிருக்கிறார்: "அவளுக்குப் பாரமாகப் போய்விடுவேனோ என்றுதான் பயம்."

இந்தக் கடிதத்தை நான் இரண்டு நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். ஏனென்றால் அதே ஊருக்கு, அதே ஜனவரியில், அதே காரியத்துக்காக நானும் போய் வந்தவள். சில வருடங்களுக்கு முன் என் தம்பி மகளின் பிரசவத்துக்குப் போனேன். அவளுக்குத் தாய் இல்லை. அத்தை நான்தான் எல்லாம். இந்தப் பத்தியில் அதைப் பற்றி இதுவரை எழுதியதில்லை. பெருமை பேசுகிறாள் என்பார்களே என்ற கூச்சம். இப்போது கேள்வி வந்துவிட்டது, சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில் பயத்தைப் பற்றி. சகோதரி, உங்கள் பயத்தில் பாதி நியாயமானது. நம் காம்பாரில் மழை விட்டால் வெயில், வெயில் விட்டால் மழை. முப்பத்திரண்டு டிகிரிக்குக் குறைந்தால் சட்டைக்கு மேல் துண்டைப் போர்த்துகிறவர்கள் நாம். அங்கே நான் இறங்கிய வாரம் மைனஸ் பதினைந்து. மூச்சு விட்டால் புகை வருகிறது, மூக்குக்குள் இருக்கும் முடி விறைத்துக் குத்துகிறது. ஆனால் குளிரைவிட என்னை வாட்டியது இருட்டு. ஜனவரி தொடக்கத்தில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். மாலை மூன்றரைக்குள் போய்விடும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் நாலாவது பாகையில் இருக்கிறோம். அவர்கள் வடக்கே அறுபதாவது பாகையில். பூமி சாய்ந்து சுற்றுவதால் வரும் வேலை இது. பள்ளியில் படித்ததுதான், உடம்பில் பட்டபோதுதான் புரிந்தது.

முதல் ஒன்பது நாள் நான் சன்னலோரமே உட்கார்ந்திருந்தேன். தம்பி மகளுக்கு மாதம் நெருங்கி நடக்க முடியவில்லை. மருமகன் வேலைக்குப் போய்விடுவார். அவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அங்கேயே பிறந்து வளர்ந்தவர். என்னை அவர்கள் வழக்கப்படி "மாமி" என்றுதான் கூப்பிடுவார். வீடு மூன்றாம் மாடி. கீழே தெருவில் நீல நிறத்தில் நீளமாக ஒரு வண்டி, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சத்தமில்லாமல் போகும். பனி கொட்டினாலும் போகும். ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அதுதான் டிராம்.

நம் வாசகர்களில் வயதானவர்கள் சிலருக்கு டிராம் என்றதும் நினைவு வரக்கூடும். பினாங்கில் 1906 முதல் 1936 வரை மின்சார டிராம் ஓடியது. சிங்கப்பூரில் 1927 வரை. மதராஸ் பட்டணத்தில் 1895-இலேயே ஓடத் தொடங்கிவிட்டது; இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். 1953 ஏப்ரலில் நிறுத்தினார்கள். என் தகப்பனார் கப்பலேறுவதற்கு முதல் நாள் மதராஸில் டிராமில் போனாராம். சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். "மாடும் இல்லை, குதிரையும் இல்லை, தலைக்கு மேலே ஒரு கம்பி. அதைப் பிடித்துக்கொண்டு ஓடுது" என்பார். கடலைப் பார்த்ததையோ கப்பலைப் பார்த்ததையோ அவர் அவ்வளவு சொன்னதில்லை.

ஓஸ்லோவிலும் டிராமை ஒழித்துக்கட்டத்தான் பார்த்தார்கள். 1875-இல் குதிரை இழுத்த வண்டியாகத் தொடங்கியது, 1894-இல் மின்சாரத்துக்கு மாறியது. 1960-இல் நகர சபை, இனி டிராம் வேண்டாம், மெல்ல மெல்ல நிறுத்திவிடலாம் என்று தீர்மானம் போட்டது. கார் வந்த காலம் அல்லவா! பதினேழு வருடம் கழித்து, 1977-இல், அந்தத் தீர்மானத்தை மாற்றிக்கொண்டார்கள். தண்டவாளம் முழுவதும் பிடுங்கப்படுவதற்கு முன் புத்தி வந்தது. இப்போது ஓடும் நீல வண்டிகள் 2022 முதல் வந்தவை. ஸ்பெயின் நாட்டில் செய்தவை, மொத்தம் 87. வாசல் படி இல்லாமல் தரையோடு தரையாக இருக்கும். முழங்கால் வலிக்காரி நான், அதற்காகவே அந்த வண்டியைக் கும்பிட வேண்டும்.

பத்தாம் நாள் தம்பி மகள் சொன்னாள்: "அத்தை, நீங்க இப்படி உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தா எனக்கு அழுகை வருது. கீழே இறங்கி டிராமில் ஏறுங்க. ஒரு சுற்றுப் போயிட்டு வாங்க."

"தனியாகவா?"

"பால் வெட்டப் போறப்ப விடியக்காலை அஞ்சு மணிக்கு இருட்டில் தனியாத்தானே போனீங்க? பாம்பு இருந்த காட்டில்?"

என்ன பதில் சொல்வது?

உடுத்துகிற கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். உள்ளே உடம்போடு ஒட்டிய கம்பளிச் சட்டை, அதன் மேல் இன்னொரு சட்டை, அதன் மேல் கம்பளி, அதன் மேல் கோட்டு. காலுக்கும் இரண்டு அடுக்கு. சேலை கட்ட வழியில்லை; மூன்று மாதமும் சிலுவாரில்தான் இருந்தேன். ஒரே தடித்த கோட்டைவிட மெல்லிய துணி நாலு அடுக்கு போட்டால்தான் சூடு நிற்கும். இடையில் இருக்கும் காற்றுதான் காக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற ரப்பர் பட்டை. அதில் சின்னச் சின்ன இரும்பு முள் வைத்திருக்கும். ஐஸில் குத்திப் பிடித்துக்கொள்ளும். அந்த ரப்பரைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தேன். நம் கை வெட்டிய மரமாக இராது, ஆனாலும் ரப்பரைத் தொட்டால் நமக்கு ஒரு தைரியம் வருகிறதே, அது என்ன சொந்தமோ!

அந்த முள் பட்டையை ஒருநாள் மறந்துவிட்டு இறங்கினேன். வாசலிலேயே விழுந்தேன். மேலே பஞ்சு மாதிரிப் பனி, அதற்கு அடியில் கண்ணாடி மாதிரி ஐஸ். நல்லவேளை, நாலு அடுக்கு துணி காப்பாற்றியது. இதை மறைக்காமல் சொல்கிறேன். அதன் பிறகு ஒரு நாளும் மறக்கவில்லை.

டிராமில் கண்டக்டர் கிடையாது. ஓட்டுகிறவர் காசு வாங்க மாட்டார். முன்கூட்டியே டிக்கெட் வாங்கி வைத்திருக்க வேண்டும். எனக்கு முப்பது நாளுக்கான கார்டு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். 67 வயது ஆனவர்களுக்குப் பாதி விலைதான். அந்த ஒரே டிக்கெட்டில் டிராம், பஸ், பாதாள ரயில், கடலில் தீவுக்குப் போகும் படகு எல்லாவற்றிலும் ஏறலாம். யாரும் கேட்கவில்லையே என்று சும்மா ஏறினால் திடீரென்று பரிசோதகர் வருவார். அபராதம் ஆயிரம் குரோனர் அளவுக்கு வரும், நம் காசில் நானூறு வெள்ளி சுமார். கதவு தானாகத் திறக்காது. பொத்தானை அழுத்த வேண்டும். இது தெரியாமல் முதல் வண்டியை நான் தவறவிட்டேன். கதவுக்கு முன்னால் மரியாதையாக நின்றுகொண்டிருந்தேன், அது போயே போய்விட்டது!

உள்ளே ஏறினால் சூடு. ஆனால் ஒரு சத்தம் இல்லை. இரண்டு பேர் உட்காரும் ஆசனத்தில் ஒருவர் இருந்தால் பக்கத்தில் இன்னொருவர் உட்காரத் தயங்குகிறார். முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது, நம் நிறத்தைப் பார்த்துத்தானோ என்று. பிறகு கவனித்தேன், அவர்களுக்குள்ளும் அப்படித்தான். ஈப்போ பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் பக்கத்தில் இருப்பவளின் மாமியார் கொடுமை வரை தெரிந்துவிடுகிற நமக்கு இது ஒரு தண்டனை.

நான் ஏறியது 12-ஆம் நம்பர். நகரத்தைப் பார்க்க அந்த ஒரு வண்டி போதும். வழியில் கடலோரம் செங்கல் நிறத்தில் இரட்டைக் கோபுரக் கட்டடம் ஒன்று. அதுதான் நகர மண்டபம், 1950-இல் திறந்தது. வாசலுக்கு முன்னாலேயே டிராம் போகிறது. 1990 முதல் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 10-ஆம் தேதி நோபல் சமாதானப் பரிசு இங்கேதான் கொடுக்கிறார்கள். நெல்சன் மண்டேலா 1993-இல் வாங்கியது இந்த மண்டபத்தில். குழந்தைத் தொழிலாளர்களை மீட்டதற்காக இந்தியாவின் கைலாஷ் சத்யார்த்தி 2014-இல் மலாலாவோடு சேர்ந்து வாங்கியதும் இதில்தான். உள்ளே போய்ப் பார்க்கக் காசு இல்லை. நான் போனேன். பெரிய கூடம், சுவரெல்லாம் சித்திரம். அங்கே நின்றபோது நோபல் பரிசைவிட எனக்கு நினைவுக்கு வந்தது, பத்து வயதில் அம்மாவோடு மங்கு துடைக்கப் போனது. அப்போது யாரும் அதைக் குழந்தைத் தொழில் என்று சொன்னதில்லை. வீட்டுக்கு உதவி என்றுதான் சொன்னார்கள்.

அந்த மண்டபத்துக்கும் நமக்கும் இன்னொரு உறவும் உண்டு. 2015-இல் ஓஸ்லோவின் துணை மேயராக வந்தவர் ஒரு தமிழ்ப் பெண், கம்சாயினி குணரத்தினம். 1988-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் பெற்றோரோடு அங்கே போனவர். 2011-இல் உத்தோயா தீவில் இளைஞர் முகாமில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டு 69 பேரைக் கொன்றானே, அன்று தண்ணீரில் குதித்து நீந்தி உயிர் பிழைத்தவர்களில் அவரும் ஒருவர். துணை மேயரானபோது வயது 27. 2021-இல் நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். டிராம் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் மருமகன் காட்டிக் காட்டிச் சொல்வார்.

அங்கே தமிழர்கள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். குருநகரைச் சேர்ந்த அந்தோணி இராஜேந்திரம் என்பவர் 1956-இல் போய்ச் சேர்ந்தார். முதலில் போனவர் அவர் என்பார்கள். பிறகு படிக்க என்று இளைஞர்கள் போனார்கள். யுத்தம் வந்தபின் அகதிகளாகப் போனார்கள். பலர் வடக்கே, இன்னும் குளிரான கடற்கரை ஊர்களில், மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டியவர்கள். மருமகனின் தகப்பனாரும் அப்படித்தான். விரலைக் காட்டினார், மடக்க வரவில்லை. "உங்களுக்கு ரப்பர், எங்களுக்கு மீன்" என்றார். முருகன் கோயில் இருக்கிறது, சனிக்கிழமையில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிறது, கறிவேப்பிலை கிடைக்கிறது. ஆகவே சகோதரி, பாஷை தெரியாத இடத்துக்குப் போகிறோம் என்ற கவலையில் கொஞ்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அதே வண்டியில் மேலே போனால் விகெலாண்ட் பூங்கா. குஸ்தாவ் விகெலாண்ட் என்ற ஒரே சிற்பியின் இருநூறுக்கு மேற்பட்ட சிலைகள். அனுமதி இலவசம், இரவும் பகலும் திறந்திருக்கும். அப்பா பிள்ளையைத் தூக்கிப் போடுவது, கிழவனும் கிழவியும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்திருப்பது, கோபத்தில் காலை உதைக்கும் ஒரு சின்னப் பயல். எல்லாம் துணி இல்லாத சிலைகள். முதல் பார்வைக்கு எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. நாலு அடுக்குப் போட்டுக்கொண்டு நான் நடுங்குகிறேன், இவர்கள் தலையில் ஒரு முழம் பனியோடு அம்மணமாக நிற்கிறார்கள்! நடுவில் ஒரே கல்லில் செதுக்கிய தூண். 121 மனித உருவங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறுகின்றன. மூன்று கல்தச்சர்கள் 1929 முதல் 1943 வரை செதுக்கினார்களாம். சிற்பியின் பெயர் உலகத்துக்குத் தெரியும். அந்த மூன்று பேர் பெயரை நான் கேட்டேன், மருமகனுக்குத் தெரியவில்லை.

அன்று திரும்பி வரும்போதுதான் கதை ஆனது. நாங்கள் இருந்த இடம் டோர்ஸ்ஹோவ். தம்பி மகள் காகிதத்தில் எழுதித் தந்திருந்ததை எழுத்தெழுத்தாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆனால் வண்டியில் ஒலிபெருக்கி சொன்னதோ "தோஷோவ்". அவர்கள் பேச்சில் ரகரமும் சகரமும் சேர்ந்தால் ஷகரமாகிவிடுகிறது. எனக்கு எப்படித் தெரியும்? கண்ணாடியில் ஆவி படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை. மணி நாலு, நல்ல இருட்டு. என் நிறுத்தம் போய்விட்டது. கைப்பேசியை எடுத்தால் உயிர் இல்லை. கடுங்குளிரில் அதன் பேட்டரியும் சோர்ந்துவிடுமாம். வண்டி மேலே மேலே ஏறுகிறது, ஆட்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் நான் ஒருத்திதான். வண்டி நின்றது. அது செல்சோஸ் என்ற கடைசி நிறுத்தம். சுற்றிலும் பனி, மரம், ஒரு விளக்குக் கம்பம்.

அப்போது எனக்கு வந்த பயத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. பிள்ளை பெறப் போகிறவளுக்கு உதவ வந்தவள், அவளைத் தேட வைத்துவிட்டேனே என்று நெஞ்சு அடைத்தது. சகோதரி எழுதியிருக்கிறாரே "பாரம்" என்று, அந்தச் சொல் அப்போது எனக்குள் இருந்தது.

ஓட்டுகிறவர் எழுந்து வந்தார். ஒரு பெண். என்னைப் பார்த்தார். காகிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு, நான் வந்த திசையைக் கையால் காட்டி, ஐந்து விரலை விரித்து, உட்காருங்கள் என்று சைகை செய்தார். அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் வண்டி வந்த வழியே திரும்பியது. என் நிறுத்தம் வந்ததும் ஒலிபெருக்கியில் தன் குரலில் நிதானமாக ஒருமுறை சொன்னார். காரோ பஸ்ஸோ என்றால் எங்கே திரும்பும் என்று நமக்குத் தெரியாது. டிராமுக்குத் தண்டவாளம் இருக்கிறது. போன வழியிலேதான் வர வேண்டும். அது புரிந்தபின் எனக்கு அந்த ஊரில் பயம் விட்டுப்போயிற்று. வேண்டுமென்றே கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பத் தொடங்கினேன்.

அப்படிச் சுற்றியதில் கண்ட ஒன்றை நம் தோட்டத்து மக்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். நாங்கள் இருந்த அந்த டோர்ஸ்ஹோவ் பகுதியே தொழிலாளர்களுக்காக நகராட்சி கட்டிய குடியிருப்பு. நூறு வருடத்துக்கு முன் கட்டியது. இன்றும் கல் மாதிரி நிற்கிறது, நடுவில் பிள்ளைகள் விளையாட முற்றம். அந்தக் காலத்தில் பக்கத்து ஆற்றங்கரையில் நெசவாலைகள் இருந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் அதில் வேலை செய்தார்கள். ஆற்றுப் பாலம் ஒன்றில் நான்கு ஆலைப் பெண்களுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ராணிக்கு அல்ல, மந்திரிக்கு அல்ல, கூலிக்குப் போன நான்கு பெண்களுக்கு! நான் பிறந்த தோட்டம், காம்பாருக்குப் பக்கத்தில்தான், ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. லயத்தை இடித்தபோது நாற்பது வருடம் வேலை செய்தவர்கள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு திக்காகப் போனார்கள். அந்த இடத்தில் இன்று ஒரு பலகைகூட இல்லை. அந்தப் பாலத்தில் நின்றபோது பனி விழுந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் சிலைப் பெண் ஒருத்தியின் கழுத்தில் கம்பளித் துண்டு ஒன்றைச் சுற்றிவிட்டுப் போயிருந்தார்.

இன்னொரு நாள் மருமகன் ரயிலில் ஹோல்மன்கொல்லன் மலைக்குக் கூட்டிப்போனார். பனிச்சறுக்குத் தாண்டும் மேடை வானத்துக்கு நிற்கிறது. பிள்ளைகள் சறுக்குப் பலகையோடு ரயிலில் மேலே வருகிறார்கள், மலையிலிருந்து சறுக்கிக் கீழே போகிறார்கள், மறுபடி ரயில். "மாமி, ஒருக்கா?" என்றார். மாட்டேன் என்று அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

இனி, சகோதரிக்கு முக்கியமானது. குழந்தை. ஒரு விடியற்காலையில் வலி எடுத்து மருமகன் அவளை வாடகைக் காரில் கூட்டிப்போனார். நான் வீட்டில். ஏழு மணிக்குச் செய்தி வந்தது, பெண் குழந்தை, இருவரும் நலம். அழுதேன், விளக்கேற்றினேன், பிறகு அடுப்பை மூட்டினேன். மிளகு, பூண்டு, சீரகம் அரைத்துக் குழம்பு வைத்தேன். அங்கே ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவளுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். குளிர்ந்த ரொட்டி! மனது பொறுக்குமா?

உல்லெவோல் ஆஸ்பத்திரிக்கு டிராம் போகிறது; நிறுத்தத்துக்கே ஆஸ்பத்திரியின் பெயர்தான். ஆனால் நகர நடுவில் வண்டி மாற வேண்டும். தூக்குச்சட்டியைத் துணியில் சுற்றிக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு, முள் பட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். இன்னும் இருட்டு. தெருவில் புதுப் பனி, என் கால் தடம்தான் முதல். பெரட்டுக்குப் போகிற மாதிரியே இருந்தது, நெற்றி விளக்குத்தான் இல்லை. வண்டியில் உட்கார்ந்ததும் பூண்டு வாசனை எழும்பியது. மூடியை இறுக்கினேன், இன்னும் இறுக்கினேன். வாசனை நிற்கவில்லை. எதிரில் இருந்த பெரியவர் பத்திரிகையை இறக்கினார். போச்சு என்று நினைத்தேன். அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு என் மடியைப் பார்த்தார், தலையை ஆட்டினார், மறுபடி பத்திரிகையைத் தூக்கிக்கொண்டார். அந்த ஊரில் அது ஒரு நீண்ட உரையாடலுக்குச் சமம் என்று பிறகு மருமகன் சொன்னார்.

வண்டி மாறினேன். யாரையும் கேட்கவில்லை. அறைக்குள் போனபோது குழம்பில் இன்னும் ஆவி பறந்தது. தம்பி மகள் என்னைப் பார்த்துவிட்டு என் பின்னால் பார்த்தாள். "யாரு அத்தை கூட்டிட்டு வந்தது?" என்றாள்.

"டிராம்" என்றேன்.

இதைச் சொன்ன கையோடு கசப்பானதையும் சொல்லிவிட வேண்டும். வீடு திரும்பிய பிறகு எனக்கு நினைத்த அளவு வேலை இருக்கவில்லை. அந்த நாட்டில் பிள்ளை பிறந்தால் பெற்றோருக்கு முழுச் சம்பளத்தோடு 49 வாரம் விடுப்பு. அதில் 15 வாரம் தகப்பனுக்கென்றே ஒதுக்கியது. அவர் எடுக்காவிட்டால் அது போய்விடும். நம் நாட்டில் 2023 முதல் தாய்க்கு 98 நாள், தகப்பனுக்கு 7 நாள் என்று ஆகியிருக்கிறது. நம் காலத்தில் என்ன இருந்தது? நிறைமாதம் வரை மரம் வெட்டினோம், பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடினோம். அங்கே மருமகன் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார், துணி மாற்றுகிறார், தள்ளுவண்டியில் வைத்து டிராமில் ஏற்றிக்கொண்டு போகிறார். நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். இன்னொன்று, குழந்தையை நன்றாகப் போர்த்தி வெளிக்குளிரில் தள்ளுவண்டியில் தூங்க வைக்கிறார்கள்; நல்ல காற்று வேண்டுமாம். முதல் தடவை பார்த்தபோது நான் கத்தியே விட்டேன். "சீதளம் பிடிக்கும்!" என்றேன். மருமகன் கோபப்படவில்லை, ஆனால் முகம் வாடியது. அன்று இரவு தம்பி மகள் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். "நீங்க வேலை செய்யணும்னு கூப்பிடல அத்தை. நீங்க இருக்கணும்னு கூப்பிட்டேன்" என்றாள்.

சகோதரி, உங்கள் மகளும் அப்படித்தான் கூப்பிடுகிறாளா என்று எனக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் அவளிடம் கேட்க வேண்டும். என் அபிப்பிராயம், போங்கள். ஆனால் சில காரியங்களை முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள். திரும்பி வரும் தேதி போட்ட டிக்கெட்டாக வாங்கச் சொல்லுங்கள். மலேசியக் கடப்பிதழுக்கு அங்கே தொண்ணூறு நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். ஆனாலும் விதிகள் மாறுகின்றன, புறப்படும் முன் மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். முதல் தடவைக்கு இரண்டு மாதம் போதும். மூன்று மாதம் இருட்டு அதிகம். போய் இறங்கியதும் டிராம் கார்டு உங்கள் கையில் இருக்க வேண்டும், மகளின் கைப்பையில் அல்ல. வீட்டு விலாசமும் நிறுத்தத்தின் பெயரும் காகிதத்தில் இருக்கட்டும், அவர்கள் அதை எப்படி உச்சரிக்கிறார்கள் என்பதைத் தமிழில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியைக் கோட்டின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். ஓஸ்லோவுக்கு இங்கிருந்து நேரே விமானம் இல்லை, நடுவில் டோஹாவிலோ துபாயிலோ மாற வேண்டும். சக்கர நாற்காலி உதவி கேட்டு வைத்தால் ஒருவர் வந்து அடுத்த வாசல் வரை கொண்டுபோய் விடுவார். கால் வலி இல்லாவிட்டாலும் கேளுங்கள், வழி தேடுகிற தொல்லை மிச்சம்.

பெட்டியில் இறைச்சியும் பால் பண்டமும் வேண்டாம், அங்கே சுங்கத்தில் விடமாட்டார்கள். மிளகும் சீரகமும் கொண்டு போகலாம். பூண்டு சுமக்க வேண்டாம், அங்கேயே கிடைக்கிறது. தூக்குச்சட்டி மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள், மூடி இறுகுகிறதா என்று இங்கேயே தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு.